வெட்டி எடுத்த நாற்பது வினாடி

புக்கிட் செலம்பாவ்,
4 மார்ச் 2024

மரியாதைக்குரிய பாஸ்டரம்மா யோகேஸ்வரி அவர்களுக்கு,

குணாளன் எழுதுகிறேன். தோத்திரம். நீங்கள் ஆபீஸ் கிராணியாக வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்கு இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் பாஸ்டர் கையில்தான் முதலில் சேரும். போன மாதம் சபை நம்பருக்கு வாட்சாப்பில் எழுதிப் பார்த்தேன். உடம்பு சரியில்லை, என் வீடியோவைப் பற்றிப் பேச வேண்டும் என்று. "ஆமென் பிரதர்" என்று பதில் வந்தது, இரண்டு கும்பிடு கை போட்டு. அந்த நம்பரை எத்தனை பேர் திறந்து பார்க்கிறீர்களோ தெரியவில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். போன அக்டோபரிலிருந்து எனக்கு டயாலிசிஸ் நடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். சுங்கை பட்டாணியிலேயே செய்திருக்கலாம். அங்கே போய் உட்கார்ந்தால் அரை மணியில் சபைக்குத் தெரிந்துவிடும் என்று அலோர் ஸ்டார் வரைக்கும் காடி ஓட்டிப் போகிறேன். கேட்கிறவர்களிடம், லோரி வேலையை விட்டுவிட்டேன், கோலா கெடாவில் மீன் எடுத்து விற்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறோம். மெஷினிலிருந்து எழுந்ததும் தலை சுற்றும். காடியிலேயே கொஞ்ச நேரம் படுத்துவிட்டு, கோலா கெடா பாசாருக்குப் போய் இரண்டு கிலோ கெம்போங் மீன் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புகிறேன். அக்கம்பக்கத்தார் பார்க்கும்படி என் பெண்சாதி ரமணி அதை வாசலில் உட்கார்ந்து கழுவுகிறாள்.

ஆண்டவர் என்னைச் சுகமாக்கினார் என்று நான் சொன்ன சாட்சி வீடியோவை நீங்கள்தான் எடுத்தீர்கள். 2021 நவம்பர். சபையின் 'இன்றைய வார்த்தை' பிளாக்கில் போட்டீர்கள், பிறகு பேஸ்புக்கில். நான் சொன்னது எல்லாம் உண்மை. இரண்டு கிட்னியும் நின்றுபோய், கழுத்தில் குழாய் போட்டு மூன்று முறை மெஷினில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். சபை உபவாசமிருந்து ஜெபித்தது. நான்காவது முறைக்கு முன்னால் எனக்குச் சிறுநீர் இறங்கிவிட்டது. குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னேன். டாக்டர் சொன்னதை. "அங்கிள், இப்ப ஓகே. ஆனா கிட்னி பாதிதான் வேலை செய்யுது. இது திரும்பி வரும். மூனு மாசத்துக்கு ஒரு தரம் வந்து ரத்தம் பாக்கணும், விட்டுடாதீங்க." கேமராவைப் பார்த்துத்தான் சொன்னேன். வீடியோவில் அது இல்லை.

போன வெள்ளிக்கிழமை சிடாம் கிரியிலிருந்து ஒரு புருசன் பெண்சாதி என் வீட்டுக்கு வந்தார்கள். காளிதாசன், வாசுகி. சபைக்குப் புதியவர்கள். வாசுகிக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டு வருடமாக டயாலிசிஸ். "அண்ணே, உங்களத் தொட்ட ஆண்டவரு என்னையும் தொடணும். தலையில கை வச்சு ஜெபம் பண்ணுங்க" என்றாள். என் இடது கையில் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து நரம்பைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அதை மறைக்க நான் நீளக் கைச் சட்டைதான் போடுகிறேன். அவளுக்கும் அதே கை, அதே இடம். வலது கையை மட்டும் அவள் தலையில் வைத்து ஜெபித்தேன். முடிந்ததும், "இனிமே மெஷினுக்குப் போகத் தேவையில்லலா, அண்ணே?" என்று கேட்டாள். "டாக்டர்ட்ட கேட்டுக்கங்கமா" என்றேன்.

நீங்கள் வெட்டிய துண்டு நாற்பது வினாடிதான் இருக்கும். அதைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் வீடியோவை எடுத்துவிடுங்கள்.

கர்த்தருக்குள்,
குணாளன்


சுங்கை பட்டாணி,
15 மார்ச் 2024

அன்புள்ள சகோதரர் குணாளன் அவர்களுக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். உங்கள் கடிதம் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. உங்கள் உடல்நிலையை அறிந்து மிகவும் வருந்தினேன். ரமணி அக்காவை நினைத்துக்கொள்கிறேன்.

கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல், பழைய வீடியோக்களைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று பாஸ்டரிடம் கேட்டுப் பார்த்தேன். "எத வேணா எடு, குணாளன் சாட்சிய மட்டும் தொடாத" என்றார். காரணம் உங்களுக்கே தெரியும். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், சபை கூட முடியாமல் கதவைப் பூட்டிய மாதத்தில்தான் நான் பிளாக் எழுதக் கற்றுக்கொண்டேன். பாஸ்டரின் பிரசங்கத்தைக் கேட்டு, தினமும் ஒரு பக்கமாக எழுதி, அவர் பெயரில் போட்டேன். முதல் வாரத்தில் ஏழு பேர் படித்தார்கள். தோட்டத்து வீட்டில் தனியாக அடைபட்டுக் கிடந்த ஒருவர், காலையில் உங்கள் எழுத்து வந்த பிறகுதான் அடுப்பு பற்ற வைக்கிறேன் என்று எழுதினார். அவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. உங்கள் வீடியோவை நாற்பத்திரண்டாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். இந்தோனேசியாவில் பாத்தாமிலிருந்தும் இலங்கையில் நுவரெலியாவிலிருந்தும் எங்களுக்கு ஜெப விண்ணப்பம் வருவது அதற்குப் பிறகுதான். ஒரு கடைவீட்டு மாடியில் முப்பது குடும்பம் கூடும் சபை இது.

அந்தப் பகுதியை நீளத்துக்காக வெட்டினேன். ஆறு நிமிடத்தைத் தாண்டினால் யாரும் பார்ப்பதில்லை. வெளியிடுவதற்கு முன் உங்களுக்கு அனுப்பினேன். "ரொம்ப நல்லா வந்திருக்கு பாஸ்டரம்மா" என்று பதில் போட்டீர்கள். அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை.

31-ஆம் தேதி ஞாயிறு மாலை ஈஸ்டர் சிறப்பு நேரலை. பாஸ்டர் உங்களை எதிர்பார்க்கிறார். வந்தால் நேரில் பேசிக்கொள்ளலாம். அதுவரை பொறுத்திருங்கள். வாசுகி சகோதரியிடம் சொல்ல வேண்டியதை, அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்த அன்று நீங்களே சொல்லியிருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

ஜெபத்துடன்,
யோகேஸ்வரி சத்தியசீலன்


புக்கிட் செலம்பாவ்,
20 மார்ச் 2024

பாஸ்டரம்மா,

உங்கள் கடிதத்தை ரமணிக்குப் படித்துக் காட்டினேன். "அவங்க சொல்றதுல என்ன தப்பு?" என்று கேட்டாள். தப்பில்லை. டாக்டர் சொன்ன பகுதி அதில் இல்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் 'நல்லா வந்திருக்கு' என்று போட்டேன். அது இல்லாமல் பார்க்கும்போது நான் இன்னும் நன்றாகச் சுகமானவனாகத் தெரிந்தேன். முப்பது வருடம் லோரி ஓட்டியவனை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. பாலிங், கூலிம், பட்டர்வொர்த் என்று சபை சபையாகக் கூப்பிட்டார்கள். ரத்தம் பார்க்கும் நாள் வந்தால் தயக்கமாக இருக்கும். ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்தால் இவனுக்கே நம்பிக்கை இல்லையா என்று நினைப்பார்களே என்று ஒரு தடவை போகவில்லை. பிறகு போகவே இல்லை. என் கிட்னியைக் கெடுத்தவன் நான்தான். அந்தப் பழியை உங்கள் மேல் போடவில்லை.

நேற்று நடந்ததைக் கேளுங்கள். அலோர் ஸ்டாரில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஜித்ராவிலிருந்து ஒரு பெரியவர் வருவார். மெஷின் ஓட ஆரம்பித்ததும் போனில் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பார். நேற்று அந்தப் போனில் என் குரல் கேட்டது. "ஆண்டவர் எனக்குப் புது கிட்னி கொடுத்தார்" என்று நானே சொல்கிறேன். பெரியவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, இந்தாளப் பாத்தீங்களா? மெஷினே வேணாம்னு ஆயிடுச்சாம். நம்மளுக்கு அந்தக் குடுப்பின இல்லலா" என்றார். நான் முகக்கவசம் போட்டிருந்தேன். கையில் இரண்டு ஊசி. எழுந்து போக முடியாது. அவர் அதை இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். மிஸ்ஸி வந்து பிரஷர் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு ஏறிக் கிடக்கிறது என்று மலாயில் கேட்டாள். காலையில் உப்பு மீன் சாப்பிட்டேன் என்றேன்.

ஈஸ்டர் கூட்டத்துக்கு நான் வரவில்லை. வந்தால் ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நேரலையில் சட்டைக் கையை மடிக்க வேண்டும். இரண்டுக்கும் எனக்குத் தெம்பில்லை.

வாசுகியிடம் நானே சொல்லியிருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் ரமணிக்குப் படிக்கவில்லை.

குணாளன்


சுங்கை பட்டாணி,
24 மார்ச் 2024

குணாளன் அண்ணே,

பள்ளி ஓய்வு நேரத்தில் எழுதுகிறேன். இருபது நிமிடம்தான் இருக்கிறது.

நீளத்துக்காக வெட்டினேன் என்று எழுதியது முழு உண்மையில்லை. அன்று பாஸ்டர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்ன இடம் வந்ததும், "இது சனங்க மனசுல சந்தேகத்த விதைக்கும், யோகா. கர்த்தர் பாதி வேலையா செய்வாரு?" என்றார். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. வெட்டினேன். ஆனால் முழு வீடியோவை அழிக்கவில்லை. அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

பிளாக்கில் வரும் ஜெப விண்ணப்பங்களைப் படிப்பது நான்தான். உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு மருந்தையோ கிளினிக்கையோ நிறுத்திவிட்டேன் என்று இதுவரை பத்தொன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். பாஸ்டரிடம் காட்டினேன். "நாம டாக்டர் இல்ல, யோகா. ஆமென் போட்டு விடு" என்றார். பத்தொன்பது பேருக்கும் ஆமென் போட்டேன். அந்தப் பழக்கத்தில், நீங்கள் எழுதியதைச் சரியாகப் படிக்காமல் உங்களுக்கும் போட்டேன்.

நேற்று வாசுகி எழுதியிருக்கிறாள். போன செவ்வாயிலிருந்து மெஷினுக்குப் போகவில்லையாம். ஈஸ்டர் நேரலையில் சாட்சி சொல்ல வேண்டுமாம். பாஸ்டர் சரி என்றுவிட்டார். நான் அவளுக்குப் போன் செய்து, தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். "பாஸ்டரம்மாவே இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டாள். அதற்குள் காளிதாசன் போனை வாங்கி வைத்துவிட்டார்.

என் பேச்சு அங்கே எடுபடாது. உங்கள் கையைப் பார்த்தால் ஒருவேளை நம்புவாள். முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். போங்கள், அண்ணே.

யோகேஸ்வரி


புக்கிட் செலம்பாவ்,
1 ஏப்ரல் 2024

பாஸ்டரம்மா,

உங்கள் கடிதம் வியாழக்கிழமைதான் கிடைத்தது. வெள்ளி காலையில், நீங்களெல்லாம் பெரிய வெள்ளி ஆராதனையில் இருந்த நேரத்தில், சிடாம் கிரிக்குப் போனேன். ரமணியும் வந்தாள். காளிதாசன் வீட்டில்தான் இருந்தார். வாசுகிக்குப் படிக்கட்டு ஏற முடியாது என்பதால் ஆராதனைக்கு வரவில்லையாம். ஞாயிறு மாலை தூக்கியாவது கொண்டுவந்துவிடுவேன் என்றார்.

வாசுகி இரண்டு தலையணையைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். முகம் வீங்கி, கண் சின்னதாகிக் கிடந்தது. நான் சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். ஊசித் தழும்புகளைப் பார்த்தாள். விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தாள். "ஓடுது" என்றாள். நரம்புக்குள் ரத்தம் அதிர்ந்து ஓடுவது விரலுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாததா.

"எப்பருந்து?" என்று காளிதாசன் கேட்டார்.

"அக்டோபர்லருந்து."

"அப்ப இவ தலையில கை வச்சீங்களே, அன்னைக்கும்?"

"ஆமா."

அவர் எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களுக்கு விசுவாசம் போயிடுச்சு. அதான் வியாதி திரும்பி வந்திருக்கு. அத இங்க கொண்டாந்து ஒட்டாதீங்க. போங்க" என்றார். பாஸ்டரம்மா, இரண்டு வருடம் மேடை மேடையாக நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான் அது. அதையே அவர் என்னிடம் திருப்பிச் சொன்னார்.

வாசுகி மட்டும், "ஊசி குத்தயில வலிக்குதாண்ணே?" என்று கேட்டாள். பழகிவிட்டது என்றேன். "எனக்கு இன்னும் பழகல. ரெண்டு வருசமாச்சு. பிள்ளைங்க வெளாட்டுப் போட்டி ஒன்னுக்கும் நான் போனதில்ல. முடியலண்ணே" என்றாள். அவள் சாட்சிக்காக மெஷினை விடவில்லை. அலுத்துப்போய் விட்டிருக்கிறாள். என் வீடியோ அதற்கு ஒரு சாக்கு கொடுத்திருக்கிறது.

நாங்கள் காடியில் ஏறும்போது காளிதாசன் வாசலில் நின்று பாஸ்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஆக, இப்போது அவருக்கும் தெரியும்.

நேற்று நேரலையை நான் பார்க்கவில்லை. அவள் வந்தாளா என்று மட்டும் எழுதுங்கள்.

குணாளன்


சுங்கை பட்டாணி,
13 ஏப்ரல் 2024

குணாளன் அண்ணே,

வந்தாள். காளிதாசனும் இன்னொருவரும் நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தார்கள்.

முதலில் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னை அழைத்து, "குணாளனுக்கு டயாலிசிஸ் நடக்குதாம். உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உங்கள் இரண்டு கடிதமும் அப்போது என் கைப்பையில் இருந்தன. பிறகு, "அவருக்காக ஜெபிப்போம். ஆனா இது வெளிய போக வேணாம்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறு மாலை நான் கேமராவில் இருந்தேன். வாசுகியின் முகம் வீங்கிச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. பாஸ்டர், "முகம் மங்கலா இருக்கு, வெளிச்சத்தக் கூட்டு" என்று சைகை காட்டினார். கூட்டினேன், அண்ணே. திரையில் அவள் முகம் பளிச்சென்று இருந்தது. ஆயிரத்து எழுநூறு பேர் பார்த்தார்கள். "இனி மெஷின் வேண்டாம்" என்று அவள் சொன்னபோது திரை நிறைய ஆமென் ஓடியது.

செவ்வாய் காலையில் அவள் குளியலறை வாசலில் விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் காடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நுரையீரலில் தண்ணீர். உடனே மெஷினில் போட்டார்கள். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். பாஸ்டர் எல்லா வாட்சாப் குழுவிலும் சங்கிலி ஜெபம் அறிவித்தார். மூன்றாயிரம் பேர் பெயர் கொடுத்து மணிக்கணக்காக ஜெபித்தார்கள். அந்தப் பட்டியலைத் தயார் செய்ததும் நான்தான். ஜெபித்தவர்கள் உண்மையாகத்தான் ஜெபித்தார்கள். நானும்தான். வாசுகி பிழைத்துவிட்டாள். ஒன்பதாம் தேதி வீட்டுக்கு வந்தாள்.

நேற்று பாஸ்டர் என்னைக் கேமராவோடு அவள் வீட்டுக்கு அழைத்துப் போனார். புதுச் சாட்சி. வாசுகி ஒன்பது நிமிடம் பேசினாள். "மூச்சு முட்டிச்சு. சாகப் போறேன்னு தெரிஞ்சுச்சு. மெஷின் ஓட ஓடத்தான் மூச்சு வந்துச்சு. ஜெபம் பண்ண எல்லாருக்கும் நன்றி. ஆனா மெஷினுக்குப் போகாம விட்டது என் தப்பு. யாரும் அப்படிப் பண்ணாதீங்க. என் பிள்ளைங்க பயந்துட்டாங்க" என்றாள். காளிதாசன் சுவரைப் பார்த்து நின்றார்.

திரும்பி வரும்போது பாஸ்டர், "அருமையான சாட்சி. மெஷின்னு வர்ற இடத்த மட்டும் எடுத்துடு" என்றார்.

"எடுத்துட்டா என்ன மிஞ்சும்?" என்று கேட்டேன்.

"கர்த்தர் மிஞ்சுவாரு" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் பொய்யர் இல்லை, அண்ணே. உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். ஒன்பதாம் நாள் இறந்துவிட்டான். அந்த ஒன்பது நாளும் டாக்டர்கள் வந்து வந்து நம்பிக்கை கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் தொழிற்சாலை வேலையை விட்டு ஊழியத்துக்கு வந்தார். டாக்டர் வாயிலிருந்து வரும் எதையும் அவரால் கேட்க முடியாது. பதினான்கு வருடமாக அந்த இடத்தைத் தொடாமல் நான் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். 'இன்றைய வார்த்தை'யில் ஆயிரத்து முந்நூறு பதிவு எழுதிவிட்டேன். எல்லாம் அவர் பெயரில். அவருக்குத் தமிழில் தட்டச்சு செய்யக்கூடத் தெரியாது. நான் எழுந்துவிட்டால் அந்தப் பிளாக் நின்றுபோகும், உட்கார்ந்திருந்தால் இப்படியே நடக்கும்.

நேற்று மாலையே வாசுகிக்குப் போன் செய்து, நீ பேசியதை அப்படியே போடட்டுமா என்று கேட்டேன். போடுங்கள் என்றாள். அதோடு உங்கள் நாற்பது வினாடியையும் சேர்த்துப் போட வேண்டும். உங்கள் சம்மதம் வேண்டும். இந்த முறை எழுத்தில் கொடுங்கள்.

யோகேஸ்வரி


புக்கிட் செலம்பாவ்,
17 ஏப்ரல் 2024

தங்கச்சி யோகேஸ்வரிக்கு,

போடுங்கள். பெயர், ஊர், முகம் எதையும் மறைக்க வேண்டாம். இதோடு ஒரு படம் இருக்கிறது. நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். ரமணி எடுத்து, கடையில் கொடுத்துக் கழுவி வாங்கினாள். அதையும் போடுங்கள்.

சுங்கை பட்டாணி சென்டரில் பெயர் பதிந்துவிட்டேன். மே மாதம் இடம் கிடைக்கும். ரமணியிடம் சொன்னேன். "அப்ப இனிமே அந்த மீனு வேணாம்ல? எனக்கு கெம்போங் மீனு பிடிக்கவே பிடிக்காது" என்றாள். ஆறு மாதமாக வாரம் மூன்று முறை அதைத்தான் சாப்பிட்டோம். ஒரு நாளும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

போட்ட பிறகு நீங்கள் எங்கே போவீர்கள் என்றுதான் யோசிக்கிறேன். சபை போனாலும் எனக்கு என் வீடு இருக்கிறது. உங்களுக்குச் சபைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறைதானே வீடு.

குணாளன்


புக்கிட் செலம்பாவ்,
29 ஏப்ரல் 2024

தங்கச்சி,

21-ஆம் தேதி ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன். என் வீடியோ இருந்த அதே இடத்தில் போட்டிருந்தீர்கள். மறுநாள் மாலை அதே இடத்தைத் திறந்தால் ஒன்றும் இல்லை. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அன்றிலிருந்து உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். லீவு என்றார்கள். அதனால் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

சபைக் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கூலிம் சபை மூப்பர் போன் செய்து, பணம் வாங்கிக்கொண்டு சாட்சியை மாற்றினேனா என்று கேட்டார். யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன், வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை ஜித்ரா பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகக்கவசத்தை இறக்கிக் காட்டினேன். "நீங்கதானா?" என்றார். அப்புறம் போனைப் பைக்குள் வைத்துவிட்டார். போகும்போது, "நல்ல வேள, நான் நிப்பாட்டல" என்றார்.

பழைய வீடியோவை ஆட்கள் எடுத்து எங்கெங்கோ போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இன்னும் எனக்கு எழுதுகிறார்கள். நேற்று பாத்தாமிலிருந்து ஒருவர், தன் அம்மாவுக்கு ஜெபிக்கச் சொல்லி. ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், நானும் போகிறேன், ஜெபமும் செய்கிறேன் என்று எழுதி, கைப்படத்தை அனுப்புகிறேன். சிலர் நன்றி சொல்கிறார்கள். சிலர் திட்டுகிறார்கள். நான் செத்த பிறகும் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருக்கும் போல.

பத்திரமாக இருக்கிறீர்களா? ஒரு வரி போதும்.

குணாளன்


சுங்கை பட்டாணி,
6 மே 2024

குணாளன் அண்ணே,

பத்திரமாக இருக்கிறேன். பயப்படும்படி ஒன்றும் நடக்கவில்லை. இன்று பள்ளிக்கு வந்ததும் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன்.

அந்த வீடியோவை பாஸ்டர் மறுநாள் மத்தியானம்தான் பார்த்தார். சபையில் யாரோ சொல்லி. நின்றபடியே பதினொரு நிமிடமும் பார்த்தார். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

"சொல்லியிருந்தா வெட்டச் சொல்லியிருப்பீங்க" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. பாஸ்வேர்டை மட்டும் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கணினி தெரிந்த ஒருவரை வரவழைத்து, வீடியோவை எடுத்து, பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். பழையதைத் திரும்பப் போடட்டுமா என்று வந்தவர் கேட்டதற்கு, பாஸ்டர் வேண்டாம் என்று கையை அசைத்தார். அன்று முதல் என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு எடுத்து வைத்தால் சாப்பிடுகிறார். விளக்கை அணைக்கும்போது தோத்திரம் சொல்கிறார், எனக்கில்லை.

ஒரு வாரம் லீவு எடுத்தேன். பினாங்கில் என் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று பையில் துணி எடுத்து வைத்தேன். பஸ் நிலையம் வரைக்கும் போனேன். போக வேறு இடம் இல்லாததால் திரும்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இடம் இருந்தது. அவர் அந்த இரண்டு அறையில் தனியாக உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது, திரும்பிவிட்டேன். திரும்பியது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

எட்டு குடும்பம் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். போன வெள்ளி ஆராதனைக்குக் காளிதாசன் வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார். ஆராதனை முடிந்து பாஸ்டரிடம் போய், "நாளைக்கி வாசுகிக்கு மெஷின், பாஸ்டர். நான்தான் கொண்டு போறேன்" என்றார். அனுமதி கேட்பது போல இருந்தது. பாஸ்டர் அவர் தோளில் கை வைத்தார். வெகு நேரம் எடுக்கவில்லை. அவள் ஒரு நாளும் தவறாமல் போகிறாள் என்று காளிதாசன் கீழே இறங்கும்போது என்னிடம் சொன்னார். உங்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

'இன்றைய வார்த்தை' இரண்டு வாரமாக நின்றிருக்கிறது. என்ன ஆயிற்று என்று கேட்டு வருகிற செய்திகள் சபைப் போனில் ஒலித்துக்கொண்டே இருக்கும். நான் எடுப்பதில்லை. நான்கு நாளாகப் பாஸ்டர் கணினியைச் சபைக் கூடத்தில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறார். நடுவில் பலகைத் தடுப்புத்தான். ஒரு விரலால் தட்டுகிற சத்தம் கேட்கும். ஒரு தட்டு. நிறுத்தம். இன்னொரு தட்டு. ஒரு மணி நேரம் கழித்து எழுந்துவிடுவார். என்ன எழுதினார் என்று தெரியாது. பிளாக்கில் இதுவரை ஒன்றும் வரவில்லை.

நேற்று மாலை நான் பள்ளியிலிருந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். தட்டுகிற சத்தம் கேட்டது, நின்றது. பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யோகா" என்றார்.

பதின்மூன்று நாளில் முதல் வார்த்தை. கையில் ஈரத்தோடு அப்படியே நின்றேன்.

"டயாலிசிஸ்னு எப்படி அடிக்கிறது?" என்று கேட்டார்.

எதற்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, அண்ணே. உங்களைக் கண்டித்து எழுதுகிறாரோ, வாசுகிக்காக எழுதுகிறாரோ, எங்கள் மகனைப் பற்றி எழுதுகிறாரோ. கேட்கவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றபடி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ட. யா. லி. சி. கடைசியில் ஸ், அதற்கு மேலே புள்ளி.

"புள்ளி தெரியும்" என்றார்.

மறுபடி தட்டுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.

யோகேஸ்வரி